புருவத்துக்கு மை ஏற்றும் முன் முகூர்த்த நாளை எண்ணுங்கள்

எங்கள் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், வலது முன்கையில் ஒரு கோலம் இருந்தது. புள்ளி வைத்து இழுத்த சின்னக் கோலம், அதற்குக் கீழே தேள் மாதிரி ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால், ஊருக்குப் பச்சை குத்த வந்த அம்மாவிடம் ஒரு படி கம்பு அளந்து கொடுத்துக் குத்திக்கொண்டதாம். "குத்துனப்போ கன்னங்கரேல்னு இருந்துச்சு கண்ணு" என்பார். நான் பார்க்கும்போது அது பாசி படிந்த கிணற்றுக்கல் நிறத்தில் இருந்தது. கோடுகள் தடித்து, தேளின் கொடுக்கு எது கால் எது என்று தெரியாமல் கலந்துவிட்டிருந்தன. கறுப்பாக உள்ளே போனது பச்சையாக மாறும் என்று தெரிந்துதான் நம் ஆட்கள் அதற்குப் பச்சை என்றே பெயர் வைத்தார்களோ என்னவோ.

சித்தி மகள் ஒரு நாள் போன் செய்து, "புருவத்துக்கு மைக்ரோபிளேடிங் பண்ணிக்கப் போறேனுங்க்கா. செமி பர்மனென்ட்தானாம், ரெண்டு வருஷத்துல தானாப் போயிருமாம்" என்றபோது எனக்கு அமுச்சியின் கை ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அப்போது கேட்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் முதல் தடவையாகப் புருவத்துக்கும் இமைக்கும் ஏதாவது செய்துகொள்ள நினைக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், பெயர்களைப் பிரித்து அடுக்குங்கள்

பார்லர் விலைப்பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். லேமினேஷன், டின்ட், ஹென்னா, மைக்ரோபிளேடிங், ஓம்ப்ரே, பவுடர், லிஃப்ட், எக்ஸ்டென்ஷன், வால்யூம் என்று வரிசையாகப் போகும். எல்லாவற்றுக்கும் மேலே 'செமி பர்மனென்ட்' என்று பொதுவாக ஒரு தலைப்பு. ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது முடியில் செய்வதா, முடியின்மேல் ஒட்டுவதா, தோலுக்குள் போவதா?

முடியில் செய்கிற வேலைகள் சில வாரங்களுக்கு நிற்கும். டின்ட் என்பது புருவ முடிக்குச் சாயம். முடியில் 3, 4 வாரம் இருக்கும், தோலில் படிந்த கறை அதற்கு முன்பே போய்விடும். லேமினேஷன் என்பது புருவத்துக்குச் செய்யும் 'பெர்மிங்'. தலைமுடியைச் சுருட்டவும் நீட்டவும் பயன்படும் தயோகிளைகோலேட் வகை மருந்துதான் இங்கேயும் பெரும்பாலும். அது முடிக்குள் இருக்கும் பிணைப்பைத் தளர்த்தும். முடியை மேல்நோக்கிச் சீவிப் படியவைத்து, இரண்டாவது மருந்தைப் போட்டுத் திரும்ப இறுக்குவார்கள். 4 முதல் 8 வாரம் அப்படியே நிற்கும். முடி இருக்கிறது, ஆனால் கீழே தொங்குகிறது, கலைந்து கிடக்கிறது என்பவர்களுக்கு இது அருமையான வேலை. முடியே இல்லாத இடத்தில் இது ஒன்றும் செய்யாது. இமைக்குச் செய்யும் லாஷ் லிஃப்டும் இதே கதைதான்.

முடிமேல் ஒட்டுவது லாஷ் எக்ஸ்டென்ஷன். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

தோலுக்குள் போவதுதான் மைக்ரோபிளேடிங்கும் பவுடர் அல்லது ஓம்ப்ரே புருவமும். மைக்ரோபிளேடிங்கில் மெல்லிய ஊசிகளை வரிசையாக வைத்த சின்னப் பிளேடு ஒன்றைக் கையில் பிடித்து, முடி முடியாகக் கீறி, அந்தக் கீறலில் நிறமியை இறக்குவார்கள். பவுடரில் மெஷின் ஊசி. புள்ளி புள்ளியாகக் குத்தி, பென்சிலால் மெதுவாகத் தீட்டியதுபோல நிழல் கொடுப்பார்கள். இரண்டும் பச்சை குத்துவதேதான். மேல்தோல் ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு உதிர்ந்துவிடும் என்பதால், அங்கே போட்டால் நிறம் நிற்காது. அதற்குச் சற்றுக் கீழே, உள்தோலின் மேற்பகுதியில் வைக்க வேண்டும். கொஞ்சம் மேலே இருந்தால் ஒரு மாதத்தில் காணாமல் போகும். கொஞ்சம் ஆழம் போனால் கோடு பரவி, நீலம் பாரித்து, அப்படியே தங்கிவிடும். அந்த மயிரிழை வித்தியாசம் முழுக்க ஒருவரின் கைப்பழக்கத்தில் இருக்கிறது.

'தானாப் போயிரும்' என்ற பேச்சுக்கு இங்கேதான் விளக்கம் வேண்டும். 1 முதல் 3 வருடத்தில் வெளிறும் என்பது உண்மை. வெளிறுவதும் மறைவதும் ஒன்றாகாது. கார்பன் கலந்த கறுப்பு நிறமி சாம்பல், நீலம் என்று போகும். இரும்பு ஆக்சைடு கலந்த பழுப்பு, செங்கல் நிறத்துக்குத் திரும்பும். சிலருக்கு ஐந்தாறு வருடம் கழித்தும் ஒரு நிழல் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே மூன்றாவது வகைக்கு மட்டும் 'செமி'யை எடுத்துவிட்டு யோசியுங்கள்.

என் கணக்கு எளிது. முதல் தடவை செய்துகொள்பவர் முடியில் செய்யும் வேலையிலிருந்து தொடங்கட்டும். லேமினேஷனோ டின்ட்டோ ஒரு முறை செய்து, அந்தத் தடிமனான புருவத்தோடு இரண்டு மாதம் கண்ணாடி பாருங்கள். 'இது என் முகத்துக்கு இருக்கு' என்று அப்போதும் தோன்றினால் தோலுக்குள் போவதைப் பற்றிப் பேசலாம். பிடிக்காவிட்டால் முடி வளர்ந்து வந்து தவறைத் தானே தள்ளிவிடும்.

ஹென்னா பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டு மருதாணி சிவக்கும், ஒருபோதும் கறுக்காது. பத்தே நிமிடத்தில் கன்னங்கரேல் என்று கறுக்கிற 'ஹென்னா'வில் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் இருக்க வாய்ப்பு அதிகம். தலைக்கு டை அடித்து எப்போதாவது அரிப்பு, வீக்கம் வந்திருந்தால் இதன் பக்கமே போகாதீர்கள். 1930களில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்று ஓர் இமைச்சாயம் விற்றார்கள். அதில் இந்த வகை ரசாயனம்தான். பெண்களுக்குப் பார்வை போனது, உயிரும் போனது. 1938இல் அங்கே அழகுசாதனப் பொருட்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, காலண்டரை எடுங்கள்

சித்தி மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம். கல்யாணத்துக்கு 10 நாள் இருக்கும்போது புருவத்தைக் கீறிக்கொண்டு வந்தாள். எந்த பார்லர் என்று சொல்லப்போவதில்லை. "முகூர்த்தத்துக்குப் பத்து நாள் தாராளமுங்க அம்மிணி, அதுக்குள்ள செட் ஆயிரும்" என்று சொல்லியிருக்கிறார்கள். வந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் கறுப்பு அதிகம், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் பொருக்குத் தட்டியது. அந்தப் பொருக்கு தானாக உதிர வேண்டும். நனையக் கூடாது, தேய்க்கக் கூடாது. வீட்டிலோ அன்றே எண்ணெயும் மஞ்சளும் வந்து இறங்கிவிட்டன.

நம் பக்கத்துக் கல்யாணத்தைத்தான் தெரியுமே. சடங்குகளை நடத்தித்தரும் அருமைக்காரர் வந்து சீர் ஆரம்பித்துவிட்டால் எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமிருக்காது. 'நெற்றியில் மட்டும் வைக்காதீர்கள்' என்று எத்தனை அத்தையிடம் சொல்வது? ஒரு பெரியம்மா ஆசையாக மஞ்சளைக் குழைத்து முகம் முழுக்கப் பூசி, புருவத்தைக் கட்டைவிரலால் நன்றாக நீவியும் விட்டார். குளித்துவிட்டு வந்தபோது இடது புருவத்தின் வால் பக்கம் பொருக்கோடு சேர்ந்து நிறமும் போயிருந்தது. தாலி கட்டும் நேரத்தில் வலது புருவம் முழுசு, இடது புருவம் முக்கால். மேக்கப் செய்த பெண் பென்சிலால் இழுத்துச் சமாளித்தார். முன்னாலிருந்து எடுத்த படங்களில் தெரியாது. இடப்பக்கமிருந்து எடுத்த படங்களை அவள் யாருக்கும் காட்டுவதில்லை.

ஆகவே முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மைக்ரோபிளேடிங், பவுடர் என்றால் குறைந்தது 3 மாதம் முன்னால். முதல் அமர்வு முடிந்து 6 முதல் 8 வாரத்தில் டச்சப்புக்குத் திரும்பப் போக வேண்டும். விட்டுப்போன இடங்களை அப்போதுதான் நிரப்புவார்கள். அது ஆற இன்னொரு மாதம். ஆவணிக் கல்யாணத்துக்கு வைகாசியில் உட்கார வேண்டும். ஆடியில் தள்ளுபடி போடுகிறார்களே என்று போனால் ஏற்கெனவே தாமதம். தை முகூர்த்தத்துக்குப் புரட்டாசி. இடையில் தீபாவளி எண்ணெய்க் குளியல் வரும், அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் வேண்டாம், வியர்வையே எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

லேமினேஷனும் லாஷ் லிஃப்டும் முகூர்த்தத்துக்கு 5, 6 நாள் முன்பு போதும். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு முறை செய்து பார்த்திருக்க வேண்டும். கல்யாண வாரத்தில் முதல் தடவையாக எதையும் கண்ணுக்கருகில் கொண்டுபோகாதீர்கள். மணப்பெண்ணுக்கு எக்ஸ்டென்ஷன் வேண்டுமா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம். எண்ணெய், தண்ணீர், அடுப்புப்புகை, அழுகை எல்லாம் ஒரே வாரத்தில் வருகிறது. லிஃப்ட் செய்து மஸ்காரா போட்டுக்கொண்டால் படத்தில் அதே அழகுதான்.

உங்கள் தோலையும் வேலையையும் பாருங்கள்

இன்ஸ்டாகிராம் படத்தில் இருப்பவரின் தோல் வேறு, உங்கள் தோல் வேறு. மதியம் மூன்று மணிக்கு ஒரு டிஷ்யூவை நெற்றியில் ஒற்றிப் பாருங்கள். காகிதம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால் எண்ணெய்த் தோல். அந்தத் தோலில் மைக்ரோபிளேடிங் கோடுகள் சில மாதத்தில் ஒன்றோடொன்று பரவி, முடி முடியாக இருந்தது பட்டையாகிவிடும். எண்ணெய்த் தோலுக்கு பவுடர் புருவமே பொருத்தம். 'எல்லாத் தோலுக்கும் ஹேர் ஸ்ட்ரோக் (முடி முடியான கோடு) வரும்' என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் காது குத்திய இடம், மூக்குத்தி துளை, அம்மைத் தழும்பு, பழைய தையல் இவற்றைத் தடவிப் பாருங்கள். எங்காவது காயத்தைவிடப் பெரிதாக, உருண்டு திரண்டு தழும்பு வளர்ந்திருக்கிறதா? அது கீலாய்டு. அந்த உடம்பு உள்ளவர் புருவத்தைக் கீற வேண்டாம். வெண்புள்ளி, சொரியாசிஸ் இருப்பவர்களும் வேண்டாம். காயம் பட்ட இடத்தில் அது புதிதாகக் கிளம்பும் வழக்கமுண்டு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும், கிருமியும் தொற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பார்லருக்காக அதை நிறுத்தவே கூடாது. டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள் நிறுத்தி 6 மாதமாவது ஆகட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புருவம் ஏன் மெலிந்தது? சின்ன வயதிலிருந்து அப்படித்தான், திரெடிங் செய்து செய்து போனது என்றால் சரி. ஆனால் இரண்டு மூன்று மாதத்தில் புருவத்தின் வெளி ஓரம் மட்டும் காலியாகிவிட்டது, கூடவே உடம்பு கனக்கிறது, குளிர் தாங்கவில்லை என்றால் தைராய்டு பாருங்கள். வட்டமாக வழித்தெடுத்ததுபோல ஒரு இடம் மட்டும் போனால் அது புழுவெட்டாக இருக்கலாம். இவை வைத்தியத்தால் திரும்பி வரக்கூடியவை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ தோல் பிரிவில் ஒரு முறை காட்டிவிட்டுப் பிறகு பார்லருக்குப் போங்கள்.

வேலை என்றது ஏன் என்று கேட்பீர்கள். நான் திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எனக்கு ஏ.சி. அறை. கீழே அயர்னிங் பிரிவில் நிற்கும் அக்காவுக்கு எட்டு மணி நேரம் நீராவி முகத்தில் அடிக்கும். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு பறக்கும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு மணி நேரம் நின்றால் போட்டிருக்கும் சட்டைக்கே நிறம் மாறும். கீறிய புருவத்துக்கு 10 நாள் வியர்வையும் தூசியும் ஆகாது. லீவு கிடைக்காது என்றால் தோலுக்குள் போகிற வேலையை இப்போது எடுக்காதீர்கள். இமை எக்ஸ்டென்ஷனுக்கும் நீராவி எதிரி. குண்டம் இறங்கித் தீ மிதிக்க நேர்ந்திருப்பவர்கள், பண்ணாரி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பங்குனியில் இந்த வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இமைக்கு: தூக்குவதா, ஒட்டுவதா?

பக்கவாட்டில் கண்ணாடி பாருங்கள். இமைமுடி நீளமாகவே இருக்கிறது, ஆனால் கீழ்நோக்கி நேராக நிற்கிறது என்றால் உங்களுக்கு லாஷ் லிஃப்ட் போதும். கண்ணை மூடச் சொல்லி, மேலிமையில் சின்ன சிலிகான் வளைவு ஒன்றை ஒட்டி, அதன்மேல் முடியை ஒவ்வொன்றாகச் சீவிப் படியவைத்து மருந்து போடுவார்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம். 6 முதல் 8 வாரம் நிற்கும். முதல் 24 மணி நேரம் நனைக்கக் கூடாது. அவ்வளவுதான் பராமரிப்பு. வளைவின் அளவு சின்னதாகப் போனால் இமைமுடி அளவுக்கு மீறிச் சுருண்டு மேலிமைத் தோலிலேயே போய் இடிக்கும். 'எந்த அளவு போடுகிறீர்கள், ஏன்?' என்று கேட்கலாம்.

முடியே குட்டை, அடர்த்தி இல்லை என்றால் எக்ஸ்டென்ஷன். இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்கள் ஒரு இமைமுடியின்மேல் ஒரு செயற்கை முடி, அதுதான் 'கிளாசிக்'. மெல்லிய முடிகள் இரண்டு முதல் ஆறு வரை விசிறியாகச் சேர்த்து ஒரே முடிமேல் வைத்தால் 'வால்யூம்'. கிளாசிக் முடியின் தடிமன் வழக்கமாக 0.15 மில்லிமீட்டர், வால்யூமுக்கு 0.05, 0.07. நம் முடி தாங்கும் எடையைத் தாண்டினால் அது வேரோடு இழுபட்டு, காலப்போக்கில் சொட்டையாகும். 'ரொம்ப அடர்த்தியா, ரொம்ப நீளமா' என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்ளும் வினை இது. இரண்டு மணி நேரம் ஆகும். இமைமுடி உதிர்வது இயல்பு, அதோடு ஒட்டியதும் போகும்; எனவே 2, 3 வாரத்துக்கு ஒரு முறை 'ஃபில்லிங்' செலவு உண்டு. தொடங்கும்போதே அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பசை சயனோஅக்ரிலேட். உடைந்த பொம்மையை நொடியில் ஒட்டுகிறோமே, அந்தக் குடும்பம். அதிலிருந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு ஆவியும் வரும். அதனால் வேலை நடக்கும்போது கண் முழுக்க மூடியிருக்க வேண்டும், அறையில் காற்றோட்டம் வேண்டும். கீழிமையை ஒட்டிவைக்கும் ஜெல் பட்டை கண்ணில் குத்துகிறதா, எரிகிறதா, உடனே சொல்லுங்கள். 'கொஞ்சம் எரியத்தான் செய்யும்' என்ற பதிலை ஏற்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

வேலை முடிந்ததும் சுருள் பிரஷ்ஷை வாங்கி இமையின் அடியிலிருந்து நுனிவரை ஒரு முறை சீவுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது சிக்கி, பக்கத்து முடியையும் சேர்த்து 'சுருக்' என்று இழுத்தால் இரண்டு மூன்று முடிகள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் வளரும். ஒட்டிக் கிடந்தால் ஒன்று மற்றதைப் பிடுங்கும். அங்கேயே பிரித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து நீங்கள் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

எனக்கு நானே செய்துகொண்ட கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை எக்ஸ்டென்ஷன். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காங்கேயத்துச் செக்கு எண்ணெய், நன்றாக வழிய வழிய. ராத்திரி அது நெற்றியில் இறங்கி இமைக்கு வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் தலையணையில் எறும்பு வரிசை என்று நினைத்துத் தட்டப் போனேன்; அத்தனையும் இமை. எண்ணெய் அந்தப் பசையை இளக்கிவிடும். எண்ணெய்க் கை, எண்ணெய் கலந்த கண்மை, எண்ணெய் கலந்த மேக்கப் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. அதே சமயம், உதிர்ந்துவிடுமோ என்று பயந்து கண்ணைக் கழுவாமலே இருப்பவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் இமை ஓரத்தில் சேர்ந்து, சிவந்து, செதில் உதிரும் இமையழற்சி வரும். எண்ணெய் இல்லாத நுரை கிளென்சரால் தினமும் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, சீவிவிடுங்கள்.

இமை வளர 'சீரம்' என்று விற்பதையும் கவனியுங்கள். உண்மையில் வளர்க்கும் மருந்து பைமட்டோபிராஸ்ட். கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து அது. 2008இல் அமெரிக்காவில் இமை வளர்ச்சிக்கும் அனுமதி கொடுத்தார்கள். இமைத்தோல் கறுப்பது, கண்ணைச் சுற்றிக் குழி விழுவது, சிலருக்குக் கருவிழியின் நிறமே மாறுவது என்று பக்கவிளைவுகள் உண்டு. கண் டாக்டர் சீட்டில்லாமல் தொடாதீர்கள்.

பார்லரில் என்ன பார்ப்பது

கிராஸ்கட் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட இடமோ, கோபியில் வீட்டு முன்னறையில் நடத்துபவரோ, கேள்விகள் ஒன்றுதான். ஆறிய பிறகு எடுத்த படம் காட்டுங்கள் என்று கேளுங்கள். செய்து முடித்த நிமிடத்தில் எடுத்த படம் எல்லாருக்கும் அழகாகத்தான் வரும். 2 மாதம், முடிந்தால் 1 வருடம் ஆன புருவம், அதுவும் உங்கள் நிறத்தில் உள்ள ஒருவருடையது வேண்டும். வெள்ளைக்காரப் பெண்ணின் படம் பத்து இருந்தாலும் அது உங்களுக்குச் சாட்சியாகாது. மாநிறத் தோலில் எந்தப் பழுப்பு எப்படித் தெரியும் என்பது தனிப் பாடம். தோலுக்குள் போகும்போது சுத்தக் கறுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாளைக்கு நீலமாகத் திரும்ப வருவது அதுதான்.

ஊசி. உங்கள் கண்ணெதிரே உறையைப் பிரிக்க வேண்டும். உறையில் காலாவதித் தேதி இருக்கிறதா பாருங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பிளேடு குத்தாத டப்பாவுக்குள் போக வேண்டும். நிறமியைப் புட்டியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். புட்டிக்குள்ளேயே ஊசியை விட்டு எடுப்பவரிடம் வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசி வழியே போகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையுறை போட்ட கையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு அதே கையால் புருவத்தைத் தொட்டால், கூச்சப்படாமல், "அக்கா, கையுறை மாத்திக்கிறீங்களா?" என்று கேளுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேட்ச் டெஸ்ட் 24 முதல் 48 மணி நேரம் முன்னால். சாயம், லேமினேஷன் மருந்து, பசை, நிறமி, மரத்துப்போகும் கிரீம் எதுவானாலும் காதுக்குப் பின்னால் கொஞ்சம் போட்டுப் பார்ப்பது. 'இன்னிக்கே முடிச்சறலாமுங்க' என்று இதைத் தாண்டிக் கூட்டிப் போவார்கள். கோவைக்கு இரண்டு தடவை பஸ் ஏற வேண்டுமே என்று நமக்கும் சலிப்பு வரும். ஏறுங்கள். விலை பேசும்போது டச்சப் அதற்குள் அடக்கமா, தனியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கீறும் அன்று

வரைந்த பிறகுதான் கீற வேண்டும். நூலில் மை தோய்த்து மூக்கையும் கண்ணையும் அளந்து கோடு போடுவார்கள். அதை எழுந்து உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள். படுத்திருக்கும்போது தோல் பின்னுக்குச் சரிவதால் புருவம் வேறு இடத்தில் தெரியும். சும்மா, சிரித்து, புருவத்தை உயர்த்தி என்று மூன்று விதமாகப் படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் சொந்தப் புருவக் கோட்டைத் தாண்டி ரொம்ப மேலே போகிறதென்றால் அழிக்கச் சொல்லுங்கள். ஈரத்துணி ஒன்றால் அழிக்க முடிகிற கடைசி நிமிடம் அதுதான். முந்தின நாளே மாதவிலக்கு வந்தால் வலி கூடத் தெரியும் என்பார்கள்; தள்ளிவைக்கச் சங்கடப்பட வேண்டாம்.

முதல் மூன்று நாள் புருவம் பயமுறுத்தும் அளவுக்குக் கறுப்பாக இருக்கும். நாலிலிருந்து ஏழு நாள் பொருக்கு. அப்புறம் உதிர்ந்ததும் 'ஐயோ, காசு போச்சே' என்று தோன்றும் அளவுக்கு வெளிறியிருக்கும். மூன்றாம் வாரத்துக்கு மேல் நிறம் மெல்ல மேலே வரும். ஆறாம் வாரத்தில் தெரிவதுதான் உண்மையான நிறம், அதற்கு முன் எதையும் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள். பத்து நாள்வரை முகத்தை ஈரத்துணியால் கீழ்ப்பாதி மட்டும் துடைத்துக்கொள்ளுங்கள். கொடிவேரி அணைக் குளியலும் நீச்சலும் வேண்டாம். அரித்தால் சொறியாமல் பக்கத்தில் தட்டுங்கள். மஞ்சள், வேப்பிலை, கற்றாழை என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். திறந்த புண்ணில் அது எதுவும் வேண்டாம். பார்லரில் கொடுத்த களிம்பை அரிசி அளவு எடுத்து மெல்லிசாகத் தடவினால் போதும். ஆறிய பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போட்டால் நிறம் கூடுதல் நாள் நிற்கும்.

தவறிப் போனால்

புருவத்தில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் அன்றே தோல் டாக்டர். இமை வேலைக்குப் பிறகு கண் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் என்றால் பார்லருக்குப் போன் போட்டு நேரம் கடத்தாதீர்கள். கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் இருக்கின்றன, நேரே போங்கள். பசை கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் நிறைய நேரம் கழுவிக்கொண்டே கிளம்புங்கள். ஒட்டிய இமையை வீட்டில் பிய்க்காதீர்கள். அதற்கென்று இளக்கும் ஜெல் இருக்கிறது, கண்ணை மூடவைத்து எடுத்துத் தருவார்கள்.

வடிவம் பிடிக்கவில்லை என்று அதன்மேலேயே வேறு நிறத்தைக் குத்தி மறைக்கப் போவது வழக்கமான அடுத்த தப்பு. நிறமி கூடக் கூடப் பட்டை தடிக்கும். லேசரால் எடுக்கலாம், பல அமர்வுகள் வேண்டும். இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் கலந்த நிறமி லேசர் பட்டதும் சிலருக்கு முதலில் கறுத்துப்போகும். அனுபவமுள்ள தோல் டாக்டரிடம் ஓரத்தில் ஒரு புள்ளி சோதித்துவிட்டுச் செய்வதே சரி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் புருவத்தில் நிறமி இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அபூர்வமாக அந்த இடம் சுடுவதுண்டு. ரத்த தானம் செய்யப் போகும்போதும் சொல்லுங்கள்.

சித்தி மகள் அந்த பார்லருக்கு டச்சப்புக்குப் போகவில்லை. கோவையில் வேறொருவரிடம் காட்டினாள். அவர் தொடவில்லை, வலது பக்கம் நன்றாக வெளிறட்டும், பிறகு இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று, இடது புருவத்தின் வாலைப் பென்சிலால் இழுத்துக்கொண்டிருந்தாள். பையில் இரண்டு பென்சில். ஒன்று பழுப்பு, இன்னொன்று கொஞ்சம் செங்கல் நிறம்.

"எதுக்கு ரெண்டு?"

"வலது பக்கம் நெறம் மாறிட்டே வருதுங்க்கா. அதுக்குத் தகுந்த மாதிரி இந்தப் பக்கத்தையும் மாத்தணுமில்ல. ரெண்டு வருஷம் போன ஆவணியோட முடிஞ்சிருச்சு."